சோதனைச் சாவடியில் என் பிள்ளையின் துடிப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடங்களுக்குப் பிறகு மனைவி உண்டாகியிருந்தாள். கொழும்பில் ஒரு டொக்டர் மெசினில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தபோது, கையோடு கொண்டுபோன சின்ன ரெக்கோடரில் அதைப் பதிந்துகொண்டேன். இரண்டு மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது. அடக்கிவிட்டு வந்த அன்று, "அந்தச் சத்தத்த அழிச்சிருங்க" என்றாள். அழித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பாட்டுக் குழு ஒன்று விற்றுவிட்டுப் போன கீபோர்ட் கடையில் கிடந்தது. மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பதிந்தேன். சொல்லே இல்லாத ஆறு இசைத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் அந்தத் துடிப்புத்தான் தாளம். ஐந்து, போன பிள்ளைக்கு. ஆறாவது, இனி வரவேண்டும் என்று நான் துஆ கேட்ட பிள்ளைக்கு. டொக்டரிடம் பதிந்த முதல் கசட் சிக்கி அறுந்துபோனதால், துடிப்பு மிச்சமிருந்தது இந்த இசைக் கசட்டில் மட்டும்தான்.

பிரதி எடுக்க ஒரு கூட்டாளியிடம் போவதற்காக அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். ஒலுவிலுக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் கீபோர்ட், வயர்கள், வோக்மன், அதற்குள் அந்தக் கசட். ஒரு சிப்பாய் வோக்மனின் இயர்போனைக் காதில் வைத்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. உள்ளே நேரக் குண்டு எண்ணுவதுபோல டக், டக் என்ற சத்தம். துவக்கை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். கூட வந்த சனம் பின்னால் நகர்ந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் அந்த நேரம் வாயில் வரவில்லை. இன்னொருவன் கசட்டை எடுத்து நாடாவை விரலால் இழுக்கத் தொடங்கினான்.

"பபா சேர், பபா" என்றேன். குழந்தை என்பதற்கு அந்தச் சிங்களச் சொல் மட்டும்தான் நினைவு வந்தது. நெஞ்சில் அதே தாளத்தில் தட்டிக் காட்டினேன். கைகளில் பிள்ளையை ஏந்துவதுபோல ஆட்டினேன். அதிகாரி ஒருவர் வந்து கசட்டை வாங்கி, வெளியே வந்த நாடாவை உள்ளே தள்ளி வோக்மனில் போட்டுக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். குழந்தை எங்கே என்று சிங்களத்தில் விசாரித்தார். நான் நிலத்தைக் காட்டினேன். கசட்டின் ஓட்டையில் பேனையை விட்டு, மறுபடி தொங்கிய நாடாவை மெதுவாகச் சுற்றி என் கையில் தந்தார்.

நான் அக்கரைப்பற்றுக்குப் போகவில்லை. துவக்கு நீட்டியவனிடம் சொன்னதை இவ்வளவு நாளும் மனைவியிடம் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, உள்ளதைச் சொல்லி கசட்டை ரேடியோவில் போட்டேன்.

கோபிப்பாள் என்று நினைத்தேன். ரேடியோவை நெருங்கி உட்கார்ந்தாள். "அழிக்கச் சொல்லிட்டேனே எண்டு நான் அழாத நாளில்ல. கேட்டா உங்களுக்கு நோகுமெண்டு வாய் திறக்கல்ல" என்றாள்.

அவள் தாங்கமாட்டாள் என்று நானாகவே முடிவுகட்டி, அவளுக்கும் உரித்தான பிள்ளையின் துடிப்பை அவளிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தேன் என்பது, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.