பிடிமாடும் பல்பசையும்

எங்கள் வீட்டில் விளம்பரம் என்றால் அது வேலை நேரம். சீரியலில் இடைவேளை விட்டதும் என் மனைவி அரிசி களைந்து உலையில் போட்டு, கொடித் துணியை எடுத்து மடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் இன்னும் ஒரு சோப்பு பாக்கி இருக்கும். அதனால் விளம்பரத்தை நாங்கள் யாரும் திட்டியதே இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் திட்ட ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துவிட்டது.

விவகாரம் எங்கள் காளையைப் பற்றியது. அதைக் கன்றாக வாங்கி வந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். பக்கத்து வீடுதான். வளர்த்தது அவள். நாலு வருஷமாகப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி, குளிப்பாட்டி, அதனிடம் ஊர்க்கதை பேசி வளர்த்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறவள், அது ஒருவேளை தீனி எடுக்காவிட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்?

இலுப்பூர்ப் பக்கம் நடந்த ஒரு ஜல்லிக்கட்டில் அதை முதல்முறையாக அவிழ்த்தோம். பார்க்க நெஞ்சு தாங்காது என்று அவள் வரவில்லை. மச்சான் வாடிவாசலுக்குப் பின்னால் மாட்டோடு நின்றார். ஓடிவரும் மாட்டைப் பிடித்துக் கட்ட நான் அந்தக் கோடியில் கயிற்றோடு நின்றேன். ஆக, நடுவில் நடந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. யாரோ ஒருவன் திமிலை அணைத்து எல்லைக்கோடு வரை விடாமல் போனதாக மைக்கில் சொன்னது மச்சான் காதில் விழுந்திருக்கிறது. பிடிமாடு என்று பேர் வாங்கிய காளையைக் கட்டி வைத்துக்கொண்டு ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பது அவர் கட்சி.

"மாட்டு யாவாரிகிட்ட சொல்லிட்டேன் ஆத்தா. நாளைக்குக் காலைல வண்டியோட வாரான்" என்றார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே? ரெண்டு மாடு அடுத்தடுத்துப் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? மைக்ல சொன்னது எந்த மாட்டையோ!" என்றாள் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒளிபரப்பிய சேனலின் செயலியில் முழு ஜல்லிக்கட்டும் கிடக்கிறது என்று கண்டுபிடித்தது நான்தான். பார்த்துவிட்டே முடிவு செய்வோம் என்று மச்சானும் ஒத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என் பெருமை பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

ஆறு மணி நேரப் படம். அதில் எங்கள் மாடு வருவது சில விநாடிகள். தேடுவதற்காக முன்னால் தள்ளினால் பல்பசை விளம்பரம். ரொம்பத் தள்ளிவிட்டோமே என்று பின்னால் இழுத்தால் அதே பல்பசை. ஒரு குடும்பமே வரிசையாக நின்று பல்லைக் காட்டும். சில சமயம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலித் தைலமும் வரும். தவிர்க்கும் பொத்தானைத் தேடித் தேடி என் கட்டைவிரல்தான் வலித்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, "அந்தா! நம்ம மாடு!" என்று அவள் கத்தினாள். எங்கள் மயிலைக் காளை வாடிவாசலை விட்டுப் பாய்ந்தது. நீல பனியன் போட்ட ஒருவன் திமிலில் தாவினான். பல்பசை வந்தது.

மூன்று பேரும் எழுந்துவிட்டோம். பழக்கம். மச்சான் வைக்கோல் போடப் போனார், அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள், நான் தண்ணீர் குடிக்கப் போனேன். இந்தச் செயலியின் விளம்பரம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்தால் வேறு யாருடைய மாடோ ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இழுத்தேன். பல்பசை. மறுபடியும் எழுந்தோம்.

நாலாவது தடவை நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுபடியும் அதே பல்லைப் பார்த்த ஆத்திரத்தில் ரிமோட்டைச் சோபாவில் அடித்ததில் படம் நின்றுபோய், பழையபடி முதலிலிருந்து தொடங்கியது.

இடத்தை மறுபடி தேடிப் பிடித்த ஐந்தாவது தடவை, "மச்சான், எந்திரிக்காதீங்க, இது சட்டுனு முடிஞ்சிரும்" என்று கெஞ்சினேன்.

"விளம்பரந்தான மாப்ள, கன்னுக்குட்டிய மாத்திக் கட்டிட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனார். அவளும் அடுப்படி வாசல்வரை போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

விளம்பரம் முடிந்தது. காளை துள்ளியது. நீல பனியன்காரன் விடவில்லை. இரண்டாவது துள்ளல், மூன்றாவது. கோட்டைத் தாண்டியும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். வீரர் வெற்றி என்று மைக் தெளிவாகச் சொன்னது. நான் கணக்கு வாத்தியார். இதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கே வழி இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள், படத்தைப் பின்னால் இழுத்தாள். பல்பசை.

மச்சான் கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன ஆத்தா, வந்துருச்சா?"

"வந்துச்சுண்ணே. கோட்டுக்கு முன்னாடியே விட்டுட்டான். நீங்களும் பாருங்க, இந்த விளம்பரம் முடியட்டும், உக்காருங்க."

குரலில் ஒரு பிசிறு இல்லை. மச்சான் பல்லைக் காட்டும் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் மச்சான்" என்றேன். அது உண்மைதானே!

"அப்பச் சரி. இந்தக் கூட்டம் இளிக்கிறத இன்னொரு வாட்டி பாக்க எனக்குத் தெம்பில்ல" என்று போனை எடுத்தார். வியாபாரி உடனே எடுக்கவில்லை. டிவிக்கு எதிரிலேயே நின்று மறுபடி அடித்தார். திரையின் ஓரத்தில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஆறு, ஐந்து, நாலு. காலையிலிருந்து நான் திட்டித் தீர்த்த விளம்பரத்தை, இன்னும் கொஞ்சம் ஓடு ராசா என்று மனசுக்குள் கும்பிட்டேன். பல்பசை முடிந்தது.

முழங்கால் தைலம் ஆரம்பித்தது.

"யாவாரி, நாளைக்கு வர வேணாம், மாடு குடுக்கிற மாதிரி இல்ல" என்று சொல்லிக்கொண்டே மச்சான் வெளியே நடந்தார். அவள் டிவியை அணைத்துவிட்டு, காலையிலிருந்து குடிக்காத தண்ணீரை ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள்.