சீட்டு இல்லாத பதினான்கு பழுதுகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தசமம்’. கட்டுப்பாட்டுக் கருவிகள் எத்தனை முறை பழுதாகின்றன, எவ்வளவு காலம் ஒழுங்காக ஓடுகின்றன என்று கணக்கெடுப்பது அவர் வேலை. ‘நம்பகம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது எட்டு’ என்று சொல்லும்போது அந்தக் கடைசி எட்டில் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். தலைவலி எப்படியிருக்கிறது என்று மனைவி கேட்டால்கூட, “முக்காலே மூணு வீசம் தேவல” என்பார்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பழுதைப் பார்த்தவர் கையெழுத்திட்ட பழுதுச் சீட்டு வந்தால்தான் அது பழுது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் சீட்டு வேண்டாம். தொட்டிப் பிரிவில் வேலை பார்த்த தங்கை கணவர் அடிக்கடி போன் செய்வார்.

“மச்சான், தொட்டி மட்டம் காட்டுற மீட்டர் மறுபடி அப்படியே நின்னுடுச்சு. அணைச்சுப் போட்டேன், ஓடுது.”

“ஓடுதுல்ல? அப்புறம் எதுக்கு மாப்ள சீட்டு? விடுங்க.”

நான்கு ஆண்டுகளில் அந்த மீட்டர் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்றது அவர் அறிக்கை. அதை நம்பி, மாற்று மீட்டர் தேவையில்லை என்று மேலிடம் முடிவெடுத்தது. போன மாதம் மீட்டர் பாதித் தொட்டியிலேயே நின்றுவிட, சுடு எண்ணெய் நிரம்பி வழிந்தது. வால்வை மூட ஓடிய மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

விசாரணையில் வாசிக்கப்பட்டதும் அதே அறிக்கைதான். “நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவ. யாரைக் குத்தம் சொல்றது?” என்று கோப்பை மூடினார் மேலாளர். யாரும் திட்டவில்லை என்பதுதான் தசமத்தைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தொட்டிப் பிரிவின் நாட்குறிப்பைப் புரட்டினார். ‘மீட்டர் நின்றது’ என்று பதினான்கு இடங்களில் மாப்பிள்ளையின் கையெழுத்து. வெட்கத்தில் உடம்பு கூசியது. பதினான்கு சீட்டுகளையும் எழுதி, விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லிக் கடிதமும் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தங்கை தன் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“பதினாலு தடவ சொன்னீங்க மாப்ள. நான் ஒண்ணுகூடக் கணக்குல எடுக்கல.”

தங்கையின் கரண்டி பாதியில் நின்றது. “மச்சான் எங்கயாச்சும் குறிச்சு வெச்சிருப்பாருன்னு இவரு தினமும் சொல்லிட்டிருந்தாருண்ணே.”

தசமத்தால் தலை நிமிர முடியவில்லை. சீட்டுகளைக் கட்டிலில் வைத்தார்.

“கையெழுத்து எங்க போடணும், மச்சான்?” என்று வழக்கமான மரியாதையோடு கேட்டு, துணி சுற்றிய கையை நீட்டினார் மாப்பிள்ளை.