படியை மறித்து நின்ற குணம் அண்ணை

குணம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் இல்ஃபோர்ட் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். வந்த ரயிலில் ஏறவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் கணக்காளர் அலுவலகத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவருடைய கேலி தெரியும். வரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குபவரிடம், "கடிதம் கடிக்காது. முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பார். குடித்து முடிப்பதற்குள் பாதி நடுக்கம் போய்விடும்.

அவர் ஓய்வுபெற்றபோது, அலுவலகத்தில் எல்லோருமாகத் தேம்ஸ் கரையிலுள்ள பழைய ஷாம்பெயின் நிலவறையைப் பார்க்கப் போனோம். அண்ணை மதுவைத் தொடாதவர். தூசி படிந்த போத்தல் அடுக்குகளைப் பார்த்து, "நுரைக்கிற சோடாவுக்கு இவ்வளவு மரியாதையோ, தங்கச்சி?" என்று என் காதில் கேட்டார்.

வழிகாட்டிப் பெண் ஒரு போத்தலைத் திறந்தாள். தக்கை வெடித்த சத்தம் கல் வளைவுகளில் மோதித் திரும்பியது. ஊரில் போருக்குள் வளர்ந்த நாங்கள் அத்தனை பேரும் அடுத்த நொடியே தரையில் குந்திவிட்டோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்து வெட்கத்தோடு சிரித்தோம். அண்ணை குந்தவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஓடிப்போய்ப் படிக்கட்டை இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டு நின்றார். கிண்ணம் எடுக்க மேலே போக வந்த அந்தப் பெண்ணிடம், "ஒருத்தரும் மேலை போகவேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ" என்று தமிழிலேயே கெஞ்சினார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் மேலே போகவில்லை.

நிதானம் வந்ததும் அண்ணை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி போரில் இறந்தார் என்பது மட்டும்தான் அதுவரை எங்களுக்குத் தெரியும்.

"பிள்ளைக்குப் பால்மா எடுக்க பங்கர்க் குழியை விட்டு வெளியிலை போனவ. ஷெல்லடி நிண்டிட்டுது எண்டு நானும் விட்டிட்டன். மறிச்சிருக்கலாம், தங்கச்சி."

பக்கத்து மேசையில் இருந்துகொண்டு எங்களைச் சிரிக்க வைத்த மனிதர் இதையா சுமந்துகொண்டிருந்தார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தும் எழும்ப மனமில்லாமல் இருந்தேன். அவரே என் கையை விட்டார்.

"போயிட்டு வா, தங்கச்சி. வெளியிலை ஒண்டுமில்லை. பயப்பிடாமல் போ."

ஒருவரையும் வெளியே விடப் பயந்த மனிதர் எனக்குச் சொன்ன அந்தச் சொல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். அவரைப் பார்த்து, 'பயப்பிடாமல் போங்கோ' என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.