முருகையன் வீட்டு ஸ்டவ்

"அவசரகாலப் பொறுப்பாளர்: கா. தருமன். தீயணைப்புப் பயிற்சி பெற்றவர். விபத்து நேர்ந்தால் உடனே தீயை அணைத்து, உண்மை விவரத்தை உரிய இடத்துக்குத் தெரிவிப்பார்."

1996இல் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஓர் ஓட்டலின் சமையல்கட்டில், பலகையில் சிவப்பு பெயிண்டால் இப்படி எழுதியிருந்தது. லைசென்ஸுக்குச் சோதனை வருகிறது என்றதும் முதலாளி ராஜமாணிக்கம் எழுதச் சொன்னது. பெயிண்டர் பெயர் கேட்ட நேரத்தில் சும்மா நின்றிருந்தவர் தோசை மாஸ்டர் தருமன். கீழ்பென்னாத்தூர்க்காரர், கல்லாவில் டெலிபோன் அடித்தாலே தள்ளி நிற்பார். பலகைக்குக் கீழே தொங்கிய மணல் வாளியில் வெற்றிலை எச்சில் துப்பாதீர்கள் என்று மற்றவர்களைக் கெஞ்சியதுதான் அவர் பெற்ற பயிற்சி. யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு பகல். வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டு, கழுவப் பாத்திரம் எடுக்க வந்த ஓட்டல் வேலைக்காரி சந்திரம்மாளின் நைலக்ஸ் புடவைக்குத் தாவியது. வாளியில் மணல் இறுகிக் கல்லாகியிருந்தது. தருமன் கிரைண்டர் அடியில் கிடந்த ஈரச் சாக்கை இழுத்து அவளைச் சுற்றிப் புரட்டினார். அவர் கை வெந்தது, தீ அணைந்தது. பலகையில் இருந்ததில் பாதி அன்று உண்மையாயிற்று.

ஆட்டோவில் ஏற்றும்போது முதலாளி குனிந்து சொன்னார்: "தருமா, ஆஸ்பத்திரில கேட்டா அவ வூட்ல ஸ்டவ் வெடிச்சிச்சுனு சொல்லு. ஓட்டல்னு சொன்னா கடைக்குப் பூட்டு. நீயும் நானும் கிரிவலப் பாதையில சாமியாருங்களோட தட்டேந்தணும்."

"அது பொய்யாச்சே மொதலாளி."

"ஒண்ணே ஒண்ணுதாண்டா. யாருக்கு நஷ்டம்?"

ஆஸ்பத்திரியில் தருமன் அப்படியே சொன்னார். எழுதிக்கொண்டார்கள். சந்திரம்மாள் கண் திறக்காமலே மறுநாள் இறந்துபோனாள்.

வீட்டில் ஒரு பெண் எரிந்து செத்தால் போலீஸ் முதலில் புருஷனைத்தான் பிடிக்கும்; பெண்டாட்டியைக் கொளுத்திவிட்டு ஸ்டவ் வெடித்தது என்றவர்கள் ஏராளம். முதலாளிக்கு இந்த நினைப்பு வரவில்லை, தருமனுக்கு இது தெரியாது. சந்திரம்மாளின் புருஷன் முருகையன் கொத்துவேலைக்காரன். அன்று காய்ச்சலென்று வீட்டில் தனியாகப் படுத்திருந்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். போலீஸ் அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனது.

"எங்க வூட்ல ஸ்டவ்வே கெடையாதுங்க சார். வெறகடுப்புதான்."

"அப்போ அதை எங்கடா ஒளிச்சு வெச்சே?"

வேங்கிக்காலில் அவன் குடிசையைப் புரட்டித் தேடினார்கள். ஸ்டவ் கிடைக்காததே சந்தேகத்தை வலுவாக்கியது. அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். சமையல்கட்டு ஆட்களும் அதையே சொன்னார்கள். மிச்சமிருந்தது தருமனின் வாய் ஒன்றுதான்.

ஸ்டேஷனுக்குப் போனார். ஒரு கையில் கட்டு, மறுகையில் இட்லிப் பொட்டலம். முருகையன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா! அவளைத் தூக்கினு போனது நீங்கதானே? எங்க எரிஞ்சானு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாய்யா, ஏதாச்சும் சொல்லணுமா?"

தருமன் பொட்டலத்தைக் கம்பி வழியே நீட்டினார்.

"சாப்பிடுப்பா. சட்னி ஜாஸ்தி வெச்சிருக்கேன்."

பிறகு ஏட்டிடம், "ஒண்ணுமில்லீங்க" என்றார். வெளியே வந்து ஓட்டலுக்கு நடந்தார். மாலை டிபனுக்குத் தோசைக்கல்லைத் துடைத்து, அடுப்பைப் பற்றவைத்தார்.