எண்ணூற்று நாற்பத்திரண்டு படலைகள்

வாவிக்கரையில் இருந்த அந்தச் சிறிய நகரசபையில் கேதீஸ்வரி பதினாறு வருடமாக வெளிக்கள உத்தியோகத்தர். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஆள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வெள்ள காலத்தில் அவர் வாயிலிருந்து விபரம் வந்த பிறகுதான் வள்ளம் புறப்படும். அவர் எழுதிய நிவாரணப் பட்டியலில் தன் பெயர் விடுபட்டதென்று ஒருவரும் சபை வாசலில் வந்து சண்டை பிடித்ததில்லை.

அதனால்தான் 'திறன்நகரத் திட்டம்' வந்தபோது வீடுவீடாய் விபரம் எடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் ஒரு தகடு பொருத்துவார்கள். அதிலுள்ள கியூஆர் குறியைக் குப்பை எடுக்க வருகிறவர்கள் கைபேசியால் படம் பிடித்தால், அந்த வீட்டில் குப்பை எடுத்தாயிற்று என்று பதிவாகிவிடும். இரண்டு மாதம் ஸ்கூட்டியில் அலைந்து, எண்ணூற்று நாற்பத்திரண்டு வீடுகளில் இருபத்துமூன்று கேள்விகள் கேட்டார். குப்பைக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டொருவர் கேட்டார்கள். "படிவத்தில கேட்டிருக்கு, என்ன செய்யிற" என்று சிரித்துச் சமாளித்தார். கேட்டது கேதீஸ்வரி என்பதால் எல்லாரும் சொன்னார்கள்.

திட்டம் தொடங்கி ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரஷாந்தி சபைக்கு வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். கணவன் கட்டாரில், வீட்டில் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டும்.

"மிஸ், ஒருத்தன் நாலு நாளா போனில கோல் எடுக்கிறான். என்ட பேர் சொல்றான். அவர் வெளிநாட்டில எண்டு தெரியும். பிள்ளையள் ரெண்டு மணியில இருந்து தனிய இரிக்கிறதும் தெரியும்." அவள் கைபேசியை மேசையில் வைத்தாள். "இதெல்லாம் நான் உங்களுக்கு மட்டுந்தான் சொன்னனான்."

கேதீஸ்வரி உடனே பிரஷாந்தியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். படலைத் தகட்டைத் தன் சொந்தக் கைபேசியால் படம் பிடித்தார். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் பக்கம் திறந்தது. இருபத்துமூன்று பதில்களும், இவர் தட்டிய அதே எழுத்துப் பிழைகளோடு, வரிசையாய் நின்றன. இணைய முகவரியின் கடைசி எண்ணை ஒன்று கூட்டிப் பார்த்தார். பக்கத்து வீடு திறந்தது. இன்னொன்று கூட்டினார். அதற்கடுத்த வீடும் திறந்தது.

சபைச் செயலாளர் ஹெக்டர் கெட்ட மனிதரல்ல, பயந்த மனிதர். கேதீஸ்வரி சொன்னதும், திட்டத்தைச் செய்த கொழும்புக் கம்பனியோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்.

"ரெண்டு கிழமையில சரிப்படுத்துவாங்களாம். அதுவரைக்கும் சனத்துக்கு ஒண்டும் சொல்லாதீங்க. வீணாப் பதறுவாங்க."

"சேர், உங்கட படலை இலக்கம் என்ன?"

அவர் சொன்னார். கேதீஸ்வரி தட்டிக் காட்டினார். எண்பத்தொரு வயதுத் தாய் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வீட்டில் தனியே இருப்பது திரையில் இருந்தது. ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகும், "மேலிடத்தில கேக்காம சனத்துக்குச் சொல்ல என்னால எழுத்தில அனுமதி தர ஏலாது" என்றார்.

"எழுத்தில வேணாம் சேர். நான் கேட்டு எடுத்த விபரம். நானே போய்ச் சொல்றன்."

பின்னேரமே குப்பைப் பெட்டி இழுக்கும் உழவு இயந்திரம் ஓட்டும் கச்சி முகம்மதுவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "விடிய ஆறு மணிக்கு வாறன் மிஸ். நாம எப்படியும் எல்லாப் படலைக்கும் போறதானே."

மூன்று நாள். இயந்திரம் ஒவ்வொரு படலையிலும் நிற்கும். கேதீஸ்வரி இறங்கித் தகட்டின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டுவார். வீட்டாரைக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்வார். "பிழை எனக்கிட்டயும் இரிக்கு. தெரியாத ஆள் கோல் எடுத்து உங்கட பேர் சொன்னா நம்பாதீங்க. உடனே எனக்குச் சொல்லுங்க." சிலர் ஏசினார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே படலையைச் சாத்தினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் நல்லரத்தினம் மட்டும் சிரித்தார்.

"என்னட்டக் களவெடுக்க என்ன பிள்ள கிடக்கு?"

"நீங்க தனிய இரிக்கிறீங்க எண்ட விபரம் கிடக்கு ஐயா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானே ஒட்டுநாடாவை வாங்கி ஒட்டினார்.

சனம் சபைத் தொலைபேசியை ஓயவிடவில்லை. இரண்டு வாரம் கேட்ட கம்பனி இரண்டாம் நாள் மாலையே பக்கத்தை மூடியது. பிரஷாந்தியோடு பொலிசுக்குப் போய் முறைப்பாட்டில் சாட்சிக் கையெழுத்து வைத்தவரும் கேதீஸ்வரிதான். பொலிசார் தேடியதில், அழைத்தவன் இரண்டு தெரு தள்ளி வேலைக்கு வந்திருந்த ஒருவன் என்று தெரிந்தது. போகிற வழியில் பொழுதுபோக்காய்த் தகடுகளைப் படம் பிடித்திருக்கிறான். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை.

அனுமதியின்றிப் பொதுமக்களுக்குத் தகவல் சொன்னதற்காகக் கேதீஸ்வரியிடம் விளக்கம் கோரி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு வரியில் பதில் எழுதினார்: 'இவ்விபரங்களை மக்கள் என்னை நம்பித் தந்தார்கள். அவை வெளியே போனதை அவர்களுக்கு அறிவிக்கும் கடமை எனக்கு உண்டு. அதையே செய்தேன். இனியும் செய்வேன்.' அதன் கீழ், தன் கையால், 'நான் இதனை ஆதரிக்கிறேன்' என்று எழுதி ஒப்பமிட்டே ஹெக்டர் மேலே அனுப்பினார். பயந்த மனிதர் செய்த அந்த வேலையைச் சபையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

பழைய விபரங்களை அழிக்கக் கம்பனியின் பொறியியலாளர் றுஸ்தி மடிக்கணினியோடு வந்தார். சபை உறுப்பினர்கள் முன்னிலையில் எல்லாவற்றையும் அழித்துக் காட்டினார். எல்லாரும் எழும்பும் நேரம் கேதீஸ்வரி கேட்டார்:

"தம்பி, இதுக்கு இன்னொரு கொப்பி எங்க இரிக்கு?"

றுஸ்தி நேர்மையாய்ச் சொன்னார்: "ஓம் மிஸ், கொழும்பில ஒண்டு இரிக்கு." அந்தப் பிரதியும் அழிந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. புதிய தகட்டில் இலக்கம் மட்டுமே உண்டு. படிவத்தில் கேள்விகள் மூன்று.

சென்ற மாதம் பக்கத்துச் சபை தன் பேருந்து நிலையத்தில் கமரா பொருத்தத் தீர்மானித்து, ஆலோசனைக்கு அவரை அழைத்தது. படங்களும் வரைபுகளும் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினார்கள். கேதீஸ்வரி பொறுமையாய்க் கேட்டுவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"நல்லது. இதை ஆர் பார்ப்பாங்க? எத்தினை நாள் வைச்சிருப்பீங்க? அழிக்கிறது ஆர்? அந்த ஆளின்ட பேரைச் சொல்லுங்க, எழுதிக்கொள்றன்."