யாரும் கேட்காத பாலம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆறு ஊர், அந்தப் பக்கம் ஐந்து ஊர். எல்லாம் சேர்ந்து ஒரே ஒன்றியமாக இருந்த காலத்தில்தான் குழாய்க்காரியின் அக்காவை அக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள். தூரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாலத்தில் இறங்கி நடந்தால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அக்கா வீட்டு வாசல்.

ஒன்றியத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவளுக்கு. நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வைத் திருப்புவாள். அக்கரைக்குப் போகிற நாளில் வேலையோடு வேலையாக அக்கா கையால் ஒரு டீ. “உன் சம்பளத்துல பாதி எனக்குத்தான் வரணும்” என்று அக்கா வம்பிழுப்பாள்.

அக்கரையில் தோப்புகளும் ஒரு நூற்பாலையும் இருந்தன. இக்கரை முழுக்க வானம் பார்த்த பூமி. எங்கள் வரியில் அவர்களுக்கு ரோடா என்ற பேச்சு அக்கரைக் கடைவாசலில் கிளம்பி, கூட்ட அறையில் நாற்காலி பறக்கும் அளவுக்கு முற்றியது. கடைசியில் ஒன்றியத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ரோடு ரோலர் அக்கரைக்கு, தண்ணீர் லாரி இக்கரைக்கு. சுவர்க் கடிகாரத்துக்குக்கூட இழுபறி நடந்தது. பாலத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

குழாய்க்காரிக்கு இக்கரை மட்டும் என்று ஆனது. அதனால் என்ன, சாயங்காலம் ஒரு நடை போய்வரலாம் என்றிருந்தாள். அந்த வருஷத்து வெள்ளம் பாலத்தின் நடுவில் இரண்டு வளைவுக் கண்களை அடித்துக்கொண்டு போனது. இடிந்தது உங்கள் பாதி என்று இவர்கள் சொன்னார்கள். இல்லை, உங்கள் பாதிதான் என்று அவர்கள் சொன்னார்கள். அளக்க வந்த பொறியாளர், ஆளுக்கு ஒரு கண் என்றார். இரண்டு ஒன்றியமும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அவரைத் திட்டியதுதான்.

இனி அக்காவைப் பார்க்க இரண்டு பஸ் மாறிச் சுற்றிப் போகவேண்டும். ஒரு நாள் பொழுது போய்விடும். காலையில் திறந்து மாலையில் மூடுகிறவளுக்கு அந்த ஒரு நாள் லேசில் வாய்க்கவில்லை. உடைந்த முனைகளில் ஆளுக்கொரு பக்கம் நின்று அக்காளும் தங்கையும் கத்திப் பேசினார்கள். சாப்பிட்டாயா என்பது மட்டும் எப்படியோ கேட்கும். மற்றதை ஆற்றிரைச்சல் தின்றுவிடும்.

அக்கா புருஷன் திடீரென்று போய்விட்டார். தகவல் வந்து, பஸ் பிடித்து இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா அழவில்லை. சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னாள்:

“பாலத்துல நின்னு கூப்பிட்டேன்டி. உனக்குக் கேக்கல.”

அன்று இக்கரைக் கடைசித் தெருவில் ஒரு வால்வைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் நடுவே இவளும் நின்றிருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அக்காவின் மகள் வந்து தாயைத் தொலைதூர நகரத்துக்கு அழைத்துப்போனாள்.

பிறகு நூற்பாலையை மூடினார்கள். அக்கரைக்கும் தனியாக நிற்கத் தெம்பில்லாமல் போனது. மேலிருந்து உத்தரவு வந்து இரண்டு ஒன்றியமும் மறுபடி ஒன்றாயின. வேறு வழியில்லாமல் பாலத்தையும் கட்டினார்கள். திறப்பு விழாவில் குழாய்க்காரி பின்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த வாரமே லீவு போட்டு நகரத்துக்குப் போனாள். நாலாவது மாடியில் ஒரு சின்ன அறை. அக்கா பாதியாக இளைத்திருந்தாள். ஊரில் ஒவ்வொரு வீடாக விசாரித்தாள். யார் வீட்டுக் கிணறு தூர்ந்தது, யார் மகளுக்குக் குழந்தை பிறந்தது என்று இவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். பாலத்தைப் பற்றி இவளாகப் பேச்செடுக்கவில்லை. விளக்கை அணைத்தபிறகு அக்காதான் கேட்டாள்.

“அகலமா கட்டியிருக்காங்களா?”

“ரெண்டு லாரி போகும்க்கா. வந்து பாரேன்.”

“முட்டியை மடக்க முடியலடி. எங்க வர்றது?”

இவள் ஒரு பக்கமாக ஒருக்களித்து, அக்காவின் முட்டியைத் தேடிப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தாள். அக்கா தூங்கிப்போனபிறகும் கையை எடுக்கவில்லை.