வெள்ளிக்கிழமை மட்டும் நிற்காத கார்டு

தேவகி போய்விட்டாள். பழைய ஃபேக்டரி வாட்சப் குரூப்பில் இன்று காலை பார்த்தேன்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அதே செய்திதான்...

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில், ஷா ஆலம் ஃபேக்டரி ஒன்றில் நாங்கள் இருவரும் டெக்னீஷியன்கள். நான் கிள்ளானிலிருந்து போவேன், அவள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வருவாள். நான் பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். அவள் வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதப் படித்தவள்.

"வெப் சர்வர் பார்த்துக்கிட்டேன்" என்று சொன்னால் என் மகள் இன்றைக்கும் சிரிக்கிறாள். உண்மைதான்மா.

பெரிய கம்ப்யூட்டருக்குள் உட்காரும் ஒரு சின்ன கார்டு. ஃபேன் ஓடுகிறதா, சூடு எவ்வளவு என்பதையெல்லாம் வேறு இடத்திலிருந்தே பிரவுசரில் காட்டும். அந்தப் பக்கத்தைக் கொடுக்கும் குட்டி வெப் சர்வர் கார்டுக்குள்ளேயே இருந்தது. அதைப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை.

அது தினமும் நின்றுவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் கஸ்டமர் வருகிறார். அவர் முன்னால் அது நின்றுபோனால் எங்கள் புரொடக்‌ஷன் லைனையே வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மேனேஜர் மிஸ்டர் லிம் தினமும் வந்து நிற்பார். "கேன் ஆர் கேனாட்?"

"கேன் லா பாஸ்" என்பாள் தேவகி. நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

என் பங்குக்கு ஒன்று செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை கார்டு மேல் குங்குமம் வைத்தேன். அன்று மத்தியானம் முழுக்க அது நிற்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தேவகி பார்த்துவிட்டாள். "அண்ணே, துடைங்க. ஷார்ட் ஆயிடப் போவுது."

"வேலை செய்யுதில்ல?"

"போன வெள்ளியும் மத்தியானம் நிக்கல. அப்ப குங்குமம் இல்லையே..."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீண்ட பிரேக். மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போவார்கள், நாங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போவோம், லிம்மும் வெளியே போய்விடுவார். தேவகி மட்டும் வீட்டுச் சாப்பாட்டோடு உள்ளேயே இருப்பாள்.

அடுத்த வெள்ளி நாங்கள் சாப்பிடப் போகும்போது வாசலில் நின்று எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டாள். "இவ்வளவு நேரம் உங்க பிசில அந்தப் பேஜ் திறந்திருந்துச்சா?"

எல்லோரும் திறந்து வைத்திருந்தார்கள். நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா என்று பார்க்க. வெள்ளிக்கிழமை நீண்ட பிரேக்குக்குப் போகும்போது மட்டும்தான் பிசியை அணைத்தார்கள். லிம் ஒரு விண்டோ, குவாலிட்டி ஆட்கள் இரண்டு.

"நீங்க எத்தனைண்ணே?"

"மூணு" என்றேன்.

"புரோகிராமைப் பார்த்தேன், அது நாலு பேருக்குத்தான் தாங்கும். அஞ்சாவது ஆள் வந்தா நின்னுடும். பயந்து பயந்து நாமதான் அதைக் கொன்னுக்கிட்டிருக்கோம்."

நாலு பேருக்கு மேல் திறக்காதீங்க என்று கஸ்டமரிடம் சொல்ல முடியுமா? மூன்று வாரம் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாள். கேட்டதற்குப் பதில் கொடுத்த உடனே அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும்படி. புதுச் சிப்பில் ஏற்றிக் கார்டில் பொருத்தினேன். அதுதான் என் பங்கு.

கஸ்டமர் ஆறு பேரோடு வந்தார். ஆறு பேரும் ஆளுக்கொரு பிசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். லிம்முக்கு ஏர்கானில் வியர்த்தது.

கஸ்டமர் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் ஒயரைப் பிடுங்கினார்.

ஆறு ஸ்கிரீனிலும் சிவப்பு. ஒரே நேரத்தில். திரும்பச் சொருகினார், ஆறிலும் பச்சை. சாயங்காலம் வரை நோண்டிப் பார்த்தார்கள்... நிற்கவே இல்லை.

கஸ்டமர் நேராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் இருவரில் டை கட்டியிருந்தவன் நான்தானே. அந்தக் கையை அப்படியே கொண்டுபோய் தேவகி கையில் கொடுத்தேன்.

லைன் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. லிம் மேசையைத் தட்டினார். தேவகி சிரித்துக்கொண்டே, "போதும் லா, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

லைன் ஷா ஆலமிலேயே இருந்தது. நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும்.

நாளை காலை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து எடுக்கிறார்களாம். முதல் கொமுட்டர் ரயிலிலேயே வந்துவிடுகிறேன், தேவகி.